சோளத்தட்டையோடு போன பூனைக்குட்டிகள்

சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் வாங்கத்தான் இந்தியாவுக்குப் போனேன். பூனைக்குட்டி தேடிச் சேற்றில் நடப்பேன் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் எனக்கும் என் கணவருக்கும் துணிக்கடை இருக்கிறது. பிள்ளைகளின் தைத்த துணிகளைப் புதியம்புத்தூரிலிருந்து வரவழைப்போம். எல்லாம் கைபேசியிலேயே முடிந்துவிடும். போன தடவை அளவுகளை நாங்கள் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று புரிந்துகொள்ள, வந்த கவுன்களில் பாதி பொம்மைக்குத்தான் போட முடிந்தது. "இந்தத் தடவை நீயே போய்ப் பக்கத்தில் நின்று வாங்கி வா" என்று கணவர் அனுப்பிவைத்தார்.

புதியம்புத்தூரில் தையல் கூடம் நடத்தும் ஜெபராணியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஊசி மாதிரி இருந்தார். வரவேற்று, கலர் வாங்கிக் கொடுத்து, நான் இரண்டு வாய் குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. பூவேலை போடுத மெஷினு மக்கர் பண்ணுது. சாமான் கோயம்புத்தூர்ல இருந்து வரணும். நாலஞ்சு நாளு ஆவும்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தொடர்ந்தார். "கோவில்பட்டி லாட்ஜுல தனியா எதுக்குக் கெடக்கணும்? எங்க அண்ணன் வீட்டுல போயி இருங்க. இடைசெவல் பக்கம். காத்தாவது வரும்."

அப்படித்தான் நான் அருள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஜெபராணியின் அண்ணன் அருளுக்கு விவசாயம். அவர் மனைவி எஸ்தர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சுதான் இருக்கீங்க, பரவால்ல, தேத்திருவோம்" என்றார். நான் எண்பது கிலோ. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

முதல் நாள் விடியலில் யாரோ யாரையோ அடிப்பது போல ஓர் அலறல். பதறியடித்து வாசலுக்கு ஓடினேன். எஸ்தர் நிதானமாகச் சாணி தெளித்துக்கொண்டிருந்தார்.

"மயிலுக்கா. வெதச்சதப் பூராம் தோண்டித் திங்கும். பாக்கத்தான் அழகு. கொரலக் கேட்டா சோறு எறங்காது."

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. சமையலறைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் முராய் என்ற குருவி வந்து உட்காரும். கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு, விடிவதற்கு முன்பே சீழ்க்கை அடிக்கத் தொடங்கிவிடும். முப்பது வருடமாக எனக்கு அலாரம் அதுதான். சில நாள் இருவாச்சிகூட மின்கம்பத்தில் வந்து அமரும். இங்கே எட்டிய தூரம் வரை கறுப்பு மண், வேலிக்கருவை, அதற்குள் எங்கோ கௌதாரி விட்டு விட்டுக் கத்தியது. காதில் ஏதோ ஒன்று குறைந்தது போலவே இருந்தது. வீட்டை விட்டு வந்தால் எனக்குக் கணவரைவிட முராய் ஞாபகம்தான் அதிகம் வரும். இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முராய் எப்படிக் கூப்பிடும் என்று எஸ்தருக்குச் சீழ்க்கை அடித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "கண்டக்டரு விசிலு மாதிரில்லா இருக்கு" என்றார்.

"இல்லலா, அது பாட்டு மாதிரி இருக்கும்லா" என்றேன்.

எஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களும் லா போடுதீங்க, நாங்களும் லா போடுதோம். பெறகு எதுக்கு இத்தன தூரத்துல போயி இருக்கீங்க?"

அன்று காலை கம்மஞ்சோற்றில் தயிர் ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். கருப்பட்டிக் காபியை மட்டும் பழக ஒரு நாள் ஆனது.

வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு கிட்டங்கி. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் என்று விளைவதெல்லாம் மூட்டையாக அடுக்கி வைக்கும் கிடங்குக்கு அங்கே அந்தப் பெயர். அதன் பின்னால், அறுத்துக் காயவைத்த சோளத்தட்டையை வீட்டு உயரத்துக்குப் படப்பாக அடுக்கியிருந்தார்கள். கிட்டங்கிக்கும் படப்புக்கும் நடுவே பூனைகள் அலைந்தன. ஒன்று சாம்பல், ஒன்று காவி, காது கிழிந்த வரிப்பூனை ஒன்று. நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேர் என்ன இதுக்கெல்லாம்?"

"பூனைக்கு எதுக்குக்கா பேரு? அதுக வீட்டுப் பூனை இல்ல. எலி புடிக்கும், படப்புல படுத்துக்கிடும். நம்ம சோலிக்கு அது வராது, அது சோலிக்கு நாம போறதில்ல."

எங்கள் செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்ப்பார்கள் என்றேன். ஆந்தையைக் கூப்பிட்டு வீடு கொடுத்து வைப்பதா என்று எஸ்தர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் புதியம்புத்தூர் போனேன். போகும்போது பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சேவல் பயணம் செய்தது. அதன் சொந்தக்காரர் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். நடத்துநர் என்னிடம், "சேவலுக்கு யாரு டிக்கெட்டு எடுக்கது?" என்று கேட்டார். என்னுடையது இல்லை என்று நிரூபிப்பதற்குள் நிறுத்தம் தாண்டிவிட்டது. இறங்கிப் புழுதியில் திரும்பி நடந்தேன். மெஷின் சரியாகிக்கொண்டிருந்தது. முதல் கவுனைப் பார்த்தேன். கழுத்தில் மாதிரிக்குக் கையாலேயே போட்ட மஞ்சள் பூ, அளவு கச்சிதம். கோவில்பட்டியில் இறங்கி ஒரு பரோட்டா, சால்னா, கை நிறையக் கடலைமிட்டாய் என்று உற்சாகமாகத் திரும்பினேன்.

வந்து பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் வெளிச்சமாக இருந்தது. படப்பைக் காணோம். தூரத்தில் புதூர் என்ற ஊர்ப் பக்கம் ஆடுமாடு வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றாகிவிட்டது, குட்டியானை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்றார் அருள். அங்கே 'குட்டியானை' என்றால் சின்னச் சரக்கு வண்டி.

படப்பு இருந்த வெறும் தரையில் வரிப்பூனை சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது. காது கிழிந்த அதே பூனை. தரையில் சிதறிக் கிடந்த தட்டையைக் காலால் பிறாண்டும், மோந்து பார்க்கும், சாலை வரை ஓடும், திரும்ப வரும். கிட்டங்கிச் சுவரோரம் எஸ்தர் குனிந்து எதையோ கையில் எடுத்தார். கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு காவிக் குட்டி.

"படப்புக்குள்ள குட்டி போட்டிருக்குக்கா. யாருக்குந் தெரியல. இது ஒண்ணு கீழ விழுந்து கெடக்கு. மிச்சமெல்லாம் தட்டையோட போயிட்டு."

குட்டியைத் தாயிடம் விட்டோம். தாய் நக்கியது, ஒரு நிமிடம் படுத்தது, குட்டி பால் குடிக்க வாய் வைத்ததும் எழுந்து மறுபடி சாலைக்கு ஓடியது. போனவற்றைத் தேடுகிற அவசரத்தில் இருக்கிற குட்டிக்குப் பால் கொடுக்க அதனால் முடியவில்லை. குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"இப்படியே போனா இதும் செத்துரும்" என்றார் எஸ்தர். பூனை சோலிக்குப் போகாத எஸ்தர் குட்டியை முந்தானையில் பொதிந்துகொண்டார்.

அருள் வண்டிக்காரருக்குப் போன் போட்டார். பேச்சியம்மாள் என்பவரின் வீட்டில் இறக்கியதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார் அவர். பேச்சியம்மாள் எடுக்கவில்லை. ஆடு மேய்க்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாராம்.

"காலையில நாம போவோம்" என்றேன்.

அருள் என்னைப் பார்த்தார். "அக்கா, பூனைக்குட்டிக்காவா? புதூருக்கா?"

"நான் கவுனுக்காகக் கடல் தாண்டி வந்தவ."

எஸ்தர் எனக்கு முன்னாலேயே கிளம்பத் தயாராக இருந்தார். அன்று ராத்திரி தாய் திரும்பி வந்த நேரமெல்லாம் அதைப் பிடித்து வைக்கப் பார்த்து, கையெல்லாம் கீறல். கடைசியில் காவிக் குட்டிக்குத் துணியை நனைத்து மாட்டுப்பால் சொட்டவிட்டார். ஆண்டவரே, அந்தத் தட்டையை யாரும் அழுத்தி அடுக்கிவிடக் கூடாது என்று சத்தமாகவே ஜெபம் செய்தார். வீட்டுக்குள்ளிருந்து அருள் "ஆமென்" என்றார்.

விடியலில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஊரே சந்தோஷப்பட்டது. எங்களுக்குத்தான் முடியவில்லை. நனைந்த தட்டைக்குள் குட்டிகள் என்ன ஆகும்? காயப்போட்ட உளுந்தை அள்ளிக் கிட்டங்கிக்குள் போட ஆள் இல்லை என்று அருள் நின்றுகொண்டார். நானும் எஸ்தரும் ஜெபராணி மாதிரிக் கவுனை வைத்துக் கொடுத்தனுப்பியிருந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

புதூரில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பேச்சியம்மாள் ஊருக்குப் போகும் மினி பஸ், ஓட்டுநர் குலதெய்வக் கோயில் கொடைக்குப் போய்விட்டதால் ஓடவில்லை. ஷேர் ஆட்டோ கிடைத்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பேர், ஒரு கிரைண்டர். எனக்குக் கிரைண்டர் மேல் இடம்.

வழியில் கரிசல் காட்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே போர்வையாய் எழுந்து, சுழன்று, உதறி விரித்த புடவை மாதிரி இறங்கின. கறுப்பு இறக்கை, உடம்பு இளஞ்சிவப்பு. "மைனா! எங்க ஊரு மைனா!" என்று கத்திவிட்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பாமலே சொன்னார். "அது மைனா இல்லக்கா, சோளப்பட்சி. அதும் ஒங்கள மாதிரி வெளிநாட்டுல இருந்துதான் வருது. வெயிலு ஏறினா போயிரும்."

முன்னால் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று எஸ்தரிடம் கேட்டேன். காதோடு சொன்னார்: "இந்தம்மா பூனைக்குட்டி வாங்க மலேசியாவுல இருந்து வந்திருக்காவளாம். அங்கன பூனையே கெடையாதாங்காவ."

தார்ச்சாலை முடிந்த இடத்தில் ஆட்டோ நின்றது. கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தை விடாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு உருண்டு திரண்டு இறுகிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நான் நான்கடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் அப்பிய மண்ணால் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். அடுத்த அடியில் செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது. கால் மட்டும் வந்தது. எஸ்தர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

பேச்சியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். ஆடுகளுக்கு நடுவே நின்று, சேறு பூசிய எங்கள் இருவரையும் பார்த்தார்.

"யாரு நீங்க? ஓட்டுக் கேட்டு வந்திருக்கியளா?"

எஸ்தர் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். தட்டை வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்திப் பெரிதாக அடுக்கப்பட்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. பேச்சியம்மாள் உள்ளே போய், கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். பழைய வேட்டித் துணி மேல் சாம்பல் வரியில் ஒன்று, மூன்று நிறத்தில் ஒன்று என இரண்டு குட்டிகள். வயிறு உப்பத் தூங்கின.

"தட்ட எறக்கையில 'மியா'ன்னு ஒரு சத்தம். நிறுத்துங்கடான்னுட்டேன். ஒவ்வொரு கட்டா நானே எறக்குனேன். ரெண்டுதான் இருந்துச்சு. ஆட்டுப்பாலு குடுத்தேன், நல்லாக் குடிக்குதுக."

எஸ்தர் அப்படியே சேற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

சாம்பல் குட்டியைப் பெட்டிக்குள் வைத்தோம். மூன்று நிறக் குட்டியை எடுக்கப் போனபோது பேச்சியம்மாள் மடியில் வைத்துக்கொண்டார். "இது இங்கன கெடக்கட்டும். நல்லாத் துடியா இருக்கு. எனக்கும் வீட்டுல பேச்சுத்தொணைக்கு ஆளு கெடையாது."

"தாய் தேடுது மதினி" என்றார் எஸ்தர்.

"தாய் தேடத்தான் செய்யும். நானுந்தான் தேடுதேன், எம்மவன் வந்துட்டானா?"

மகன் எங்கே என்று நான்தான் கேட்டேன்.

"மலேசியாவுல."

நானும் அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். குட்டி மடியிலிருந்து உருண்டது.

"எம்மவன் முத்துராசைப் பாத்திருக்கியளா? ஓட்டல்ல நிக்கான். ஒசரமா இருப்பான்."

மலேசியா பெரிய நாடு, எந்த ஊர் என்று கேட்டேன். கைபேசியை எடுத்து வந்து, மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. ஈப்போ. நாங்கள் மாதம் ஒரு முறை சரக்கு எடுக்கப் போகும் ஊர்.

அதற்குப் பிறகு எங்களை அவர் லேசில் விடவில்லை. கால் கழுவத் தண்ணீர், குடிக்க மோர், பிறகு சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். நாங்கள் சாப்பிடும்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. யாரையோ கேள்வி கேட்டு மிரட்டுகிற மாதிரி கத்தல்.

"ஆக்காட்டிக்கா" என்றார் எஸ்தர். "ஆளைக் கண்டா ஊரைக் கூட்டும்."

கிளம்பும்போது பேச்சியம்மாள் மகனுக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். எள்ளுருண்டையும் மோர் மிளகாய் வற்றலும். மூன்று நிறக் குட்டியைத் தானாகவே என் பெட்டியில் வைக்கவும் செய்தார். எஸ்தர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குட்டியைத் திரும்ப எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதும் ஆட்டுப்பாலுல பழகிட்டு மதினி. வச்சுக்கிடுங்க. நாங்க வந்து பாத்துக்கிடுதோம்."

பேச்சியம்மாள் குட்டியைக் கீழே விட்டார். அது தத்தித் தத்தி நேராக ஆட்டுத் தொழுவத்துக்குள் போனது. "ஏட்டி மலேசியா! ஆட்டுக் காலுக்குள்ள போவாத, மிதிச்சிரும்!" என்று பின்னாலேயே ஓடினார். பெயர் அந்த நிமிடத்தில் வைத்ததா, நேற்றே வைத்ததா என்று கேட்கவில்லை. நான் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பேருந்து பஞ்சர் ஆனது. சாம்பல் குட்டி பெட்டியை நனைத்தது. பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிக்கொண்டார். எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. எஸ்தர் பெட்டியின் ஓட்டையில் விரலை விட்டபடியே வந்தார்.

பெட்டியைப் படப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வரிப்பூனை வேலியோரம் வந்து நின்றது. மூக்கை நீட்டியது. பிறகு வந்த வேகத்தில் பெட்டியே கவிழ்ந்தது. குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கித் தள்ளியது. எங்கள் வாடை பிடிக்கவில்லை போல; இரண்டு முறை தும்மியது. கழுத்தைக் கவ்விக்கொண்டு கிட்டங்கிக்குள் போய், பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தது. எஸ்தர் காவிக் குட்டியைக் கொண்டுபோய் மூட்டைக்கு அருகே விட்டார். ஒரு காலடிச் சத்தமும் இல்லாமல் தாய் வந்து அதையும் கவ்விப் போனது. காதை வைத்துக் கேட்டோம். பால் குடிக்கிற சத்தம், அப்புறம் மெல்லிய உறுமல். இன்னொரு குட்டியைத் தேடி அது மறுநாளும் சாலை வரை போனது. ஆனால் திரும்பி வந்து படுத்தது.

"நன்றி சொல்லுதா பாருங்க" என்று சிரித்தார் அருள். "ஒங்களத் திரும்பிக்கூடப் பாக்கல."

"அது சோலி அது" என்றார் எஸ்தர்.

கவுன்கள் தயாராயின. ஜெபராணி ஒவ்வொன்றையும் என் கண் முன்னால் அளந்து கட்டினார். விடைபெறும்போது எஸ்தர் ஒரு தூக்குவாளி நிறைய ஏதோ கொடுக்க, விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று நான் மறுக்க, கடைசியில் அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. உளுந்தங்களி.

ஊர் வந்து சில நாளில் ஈப்போ போனேன். முத்துராசு பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சொன்னது போல உயரம். பொட்டலத்தைக் கொடுத்ததும் பிரித்து, ஓர் எள்ளுருண்டையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். வீடியோவைக் காட்டினேன். "ஏட்டி மலேசியா!" என்ற அம்மாவின் குரலைக் கேட்டு எள் தெறிக்கச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, திரும்பப் போடுங்க."

அம்மாவைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. காதை அதனருகில் வைத்திருந்தான்.

"பின்னால ஒண்ணு கத்துது, கேட்டியளா? ஆக்காட்டி. கெணத்து மேட்டுல முட்ட போட்டிருக்கும். வருசா வருசம் அங்கனதான் போடும்." எள் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டான். "இங்கனயும் விடியக்காலம் ஒரு குருவி சீட்டி அடிக்கும்க்கா. நல்லாத்தான் அடிக்கும். எனக்குத்தான் அது பேசுதது ஒண்ணும் வெளங்கல."

"அது முராய்" என்றேன்.

"முராய்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். வீடியோவைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அதை மாவு டின்னில் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டிக்கல்லுக்குத் திரும்பினான். கடைச் சத்தத்துக்கு நடுவே ஆக்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. என் மேசைக்கு வந்த தட்டில் நான் கேட்டதைவிட ஒரு ரொட்டி கூடுதலாக இருந்தது.